காட்சி மூன்று, பகல், வெளிப்புறம்

மஞ்சக்குப்பம் மின்வாரிய ஆபீசில்
பெயர் மாற்ற மனுவோடு வந்த அம்மாள்
ரசீது கிழித்த என் இடது கையைப் பார்த்துவிட்டு
"நீங்கதானே அந்த வேற்றுக்கிரகத்து ஆளு?" என்றாள்.
வரிசையில் இன்னும் பதினொரு பேர்.

முகத்துக்கு ஹெல்மெட், குரலுக்கு வேறொருவர்.
அந்த அரைமணி நாடகத்தில்
என்னுடையதென்று இருந்தது
இந்த ஆறாவது விரல் மட்டும்.
கேமரா அதன்மேல் நாலு விநாடி நின்றது.
திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெரு
டி.வி. இருந்த வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு
"கலியவரதன் விரலு! கலியவரதன் விரலு!" என்று கத்தியது.
அதுவரை அந்தக் கையைப் பாக்கெட்டை விட்டு
எடுக்காமல் வளர்ந்தவன் நான்.

மறுவாரம் மஞ்சள் பையோடு வந்தாள்.
துருப்பிடித்த பின் குத்திய நாற்பது பக்கம்,
கார்பன் தாளின் ஊதா எழுத்து.
"எழுதினது நான்தான். அமலோற்பவம்.
டி.வி.யில பேரு போடல.
படிச்சுட்டுக் குடுங்க, ஒரே காப்பிதான் இருக்கு."

ராத்திரி சாப்பாட்டு மேசையில்
இடதுபக்கம் அவள் தாள், வலதுபக்கம்
பழைய கேசட்டிலிருந்து மகன் ஏற்றித் தந்த போன்.
நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

போனில்
பாண்டிக் கிடங்குக்குள் கட்டிய தொட்டிக் கடலில்
மின்னலடிக்க இறங்குகிறது கப்பல்.
தாளில் சத்தமே இல்லை:
துறைமுகத்தில் ஒரு படகு அதிகமாக நிற்கிறது.
விடியலில் எண்ணுகிறவர்
இரண்டாம் தரமும் எண்ணுகிறார், பீடி பற்ற வைக்கிறார்.

போனில் ஒரு விஞ்ஞானி,
அவருக்கு வெள்ளைக் கோட்டு, ஒரு மகள்,
மகளுக்கு ஒரு அலறல்.
தாளில் விஞ்ஞானியே கிடையாது.

ஒரே ஒரு வசனம் இரண்டிலும் தப்பியிருந்தது:
"தண்ணி கிடைக்குமா?"

விஞ்ஞானி கண்ணாடி டம்ளரில் தருகிறார்.
குடிக்கிறேன், ஹெல்மெட்டுக்குள் விட்ட ஸ்ட்ராவால்.
"நன்றி, மானிடனே" என்கிறது
யாருடையதோ ஒரு வெண்கலக் குரல்.
பிறகென்ன, போலீஸ், துப்பாக்கி,
என் மார்பெல்லாம் பச்சை சர்பத்.

அவள் எழுதியதில் அது காட்சி மூன்று.
சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு தெரு.
தையநாயகி இடுப்புக் குடத்தை இறக்குகிறாள்.
"தண்ணி கிடைக்குமா?"
அவனைப் பார்க்கிறாள். குடத்தைப் பார்க்கிறாள்.
குடத்தின் வாயை உள்ளங்கையால் மூடுகிறாள்.
"எங்க தண்ணி வேணாம்யா. நீ வெளியூரு."
கீழே ஒரு குறிப்பு: இங்கே இசை வேண்டாம்.

போனை அணைத்துவிட்டுக்
கொஞ்ச நேரம் ஃபேன் சுற்றுவதைப் பார்த்தேன்.
பன்னிரண்டு வருஷம் அந்தக் கம்பெனி லேபில்
பாட்டில் கழுவியவளாம்.

பிறகுதான் இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பினேன்.
'வந்தவன்: நடுத்தர உயரம். கைலி.
கைகளில் ஐந்தைந்து விரல், நம்மைப் போலவே.
சந்தேகப்பட ஒன்றுமில்லை.'
மூன்று தரம் படித்தேன்.
எவ்வளவு நல்ல எழுத்து.
அதில் எனக்கு வேலையே இல்லை.

ஐந்தைந்தின் மேல் சிவப்புப் பென்சில் கோடு.
ஓரத்தில் டைரக்டர் கையெழுத்து:
'ஆள் கிடைத்துவிட்டான், ஆறு விரல்!
மேக்கப் செலவு மிச்சம்.'
ரப்பரைத் தேடி எடுத்தேன்.
எடுத்து, பேனாக்கள் நிற்கும் டம்ளரிலேயே
திரும்பப் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை தாளை வாங்கிக்கொண்டவள்
கவுண்டர் கம்பிக்குள் எட்டிப் பார்த்தாள்.
செத்துப்போன புருஷன் பேரை நீக்கி
அமலோற்பவம் என்று தட்டிக்கொண்டிருந்தேன்.
"இதுலயாவது எழுத்துப் பிழையில்லாம விழட்டும்" என்றாள்.
கொஞ்சம் நின்று,
"ஷூட்டிங்ல உங்களுக்கு டம்ளர்ல குடுத்தது
என்ன தண்ணி?"
"குழாய்த் தண்ணிதான்மா."
"எந்த ஊருக் குழாய்?"

யோசித்துப் பார்க்கிறேன்.
ஹெல்மெட்டுக்குள்
ரப்பர் வாடையைத் தவிர எதுவும் தெரியவில்லை.